நேத்து ஓடின சாஃப்ட்வேர் இன்னைக்கு ஏன் ஓடல? 'டிபென்டன்சி', 'வெர்ஷன்' தலைவலி - எளிய விளக்கம்

ஆறு மாதத்துக்கு முன்பு நன்றாக ஓடிய புரோகிராம். நடுவில் யாரும் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஆனால் புது லேப்டாப்பில் போட்டால் திரை முழுக்க சிவப்பு எழுத்தில் எரர். கல்லூரி புராஜெக்ட் செய்யும் மாணவர் முதல் பெரிய ஐடி நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் வரை எல்லோரும் சந்திக்கும் பிரச்சனை இது. "என் மெஷின்ல ஓடுதே!" என்ற வசனம் ஐடி துறையில் ஜோக் ஆனதே இதனால்தான்.

இதற்குக் காரணம் இரண்டு சொற்கள்: டிபென்டன்சி, வெர்ஷன். புரோகிராம் எழுதுபவர்களின் சொந்தக் கவலை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. உங்கள் போனில் இருக்கும் வங்கி ஆப், டிக்கெட் ஆப், அரசு சேவை வெப்சைட் எல்லாமே இதன் மேல்தான் நிற்கின்றன. என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, என்ன செய்யலாம்? பார்ப்போம்.

டிபென்டன்சி என்றால் என்ன?

தமிழ் டைப்பிங் தெரிந்தவர்களுக்கு இது ரொம்ப ஈஸியாகப் புரியும். யூனிகோடு வருவதற்கு முன்பு பாமினி, வானவில் போன்ற ஃபான்ட்களில் கல்யாணப் பத்திரிகையும் மனுவும் டைப் செய்வார்கள். அந்த ஃபைலை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனால், அங்கே அதே ஃபான்ட் இல்லையென்றால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொத்துக் கொத்தாகத் தெரியும். ஃபைலில் தப்பு எதுவும் இல்லை. அது நம்பியிருந்த ஃபான்ட் அங்கே இல்லை, அவ்வளவுதான். அந்த ஃபான்ட்தான் அந்த ஃபைலின் டிபென்டன்சி.

சாஃப்ட்வேரும் இதே கதைதான். இன்று யாரும் ஒரு ஆப்பை முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை சொந்தமாக எழுதுவதில்லை. தேதியைக் காட்ட ஒரு லைப்ரரி, படத்தைச் சுருக்க ஒரு லைப்ரரி, பணப் பரிமாற்றத்துக்கு ஒரு லைப்ரரி என ஏற்கெனவே யாரோ எழுதி இலவசமாக வைத்திருப்பதை எடுத்துச் சேர்க்கிறார்கள். இந்த லைப்ரரிகள் வைக்கப்படும் பொதுக் கிடங்குகள் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு 'என்பிஎம்', பைத்தான் மொழிக்கு 'பைபிஐ', ரஸ்ட் மொழிக்கு 'கிரேட்ஸ்'.

சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது? நீங்கள் எடுத்த லைப்ரரி இன்னொரு லைப்ரரியை நம்பியிருக்கும். அது வேறு மூன்றை நம்பியிருக்கும். நீங்கள் கேட்டது பத்து. வந்து இறங்குவது பல நூறு. அந்தப் பல நூறில் பெரும்பாலானவற்றின் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது. மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி புராஜெக்ட் செய்யும் மாணவருக்கு இது இன்னொரு விதத்திலும் வலிக்கும். ஒரே ஒரு சின்ன வெப்சைட்டுக்காக அன்றைய டேட்டா மொத்தமும் காலியாகிவிடும்.

உலகத்தை நிறுத்திய 11 வரிகள்

இந்தச் சங்கிலி எவ்வளவு மெல்லியது என்பதை உலகம் 2016 மார்ச் 22 அன்று பார்த்தது.

அஸர் கோச்சுலு என்ற புரோகிராமர் என்பிஎம் கிடங்கில் பல பேக்கேஜ்கள் வைத்திருந்தார். அதில் ஒன்றின் பெயர் 'கிக்'. அதே பெயரில் இருந்த மெசேஜிங் நிறுவனம் பெயரை விட்டுத்தரச் சொன்னது. அவர் மறுத்தார். என்பிஎம் நிர்வாகம் பெயரை நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்தது. கோபத்தில் அவர் தன்னுடைய 270-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களை மொத்தமாக நீக்கிவிட்டார்.

அதில் ஒன்று 'லெஃப்ட்-பேட்'. வெறும் 11 வரிகள். ஒரு சொல்லின் இடது பக்கம் தேவையான அளவு இடைவெளி சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. ஆனால் 'பேபல்' போன்ற பெரிய கருவிகள் சுற்றி வளைத்து அதை நம்பியிருந்தன. அதனால் உலகம் முழுக்க புரோகிராம்களை உருவாக்கும் வேலை சில மணி நேரம் தடுமாறியது.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. பிரச்சனை தெரிந்ததும் வேறொரு புரோகிராமர் அதே வேலையைச் செய்யும் லெஃப்ட்-பேடை உடனே ஏற்றிவிட்டார். ஆனால் அதற்கு அவர் கொடுத்த எண் 1.0.0. சங்கிலியில் இருந்த ஒரு பேக்கேஜ் கேட்டதோ 0.0.3. "வேலை ஒண்ணுதானே, எடுத்துக்கோ" என்று கம்ப்யூட்டரிடம் சொல்ல முடியாதே! எண் பொருந்தாததால் எரர் தொடர்ந்தது. கடைசியில் என்பிஎம் நிர்வாகமே பழைய 0.0.3-ஐத் தன் பேக்கப்பில் இருந்து எடுத்துத் திரும்ப வைத்தது. அதன் பிறகு, மற்றவர்கள் நம்பியிருக்கும் பேக்கேஜை இஷ்டத்துக்கு நீக்க முடியாதபடி விதிகளையும் மாற்றியது.

ஆக, டிபென்டன்சி இருந்தால் மட்டும் போதாது. சரியான வெர்ஷன் இருக்க வேண்டும்.

வெர்ஷன் நம்பர் உண்மையில் என்ன சொல்கிறது?

2.4.1 என்று ஒரு எண் இருந்தால் அதில் மூன்று பகுதி. கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் எழுதிய 'செமான்டிக் வெர்ஷனிங்' என்ற விதிமுறைப்படி:

• கடைசி எண் மாறினால்: சின்னக் கோளாறு சரி செய்யப்பட்டது. பயப்படாமல் எடுக்கலாம்.
• நடு எண் மாறினால்: புதிய வசதி வந்திருக்கிறது. பழையதும் அப்படியே ஓடும்.
• முதல் எண் மாறினால்: பழையது உடையலாம். கவனமாக இருக்க வேண்டும்.

டெல்டா விவசாயிகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். சம்பா பட்டத்துக்கு சிஆர் 1009 நெல் போடுபவர், அதே ரகத்தில் வெள்ளம் தாங்கும் மரபணு சேர்த்து வந்த 'சிஆர் 1009 சப் 1'-க்கு மாறினால் பெரிய தொந்தரவு இல்லை. நாற்று விடும் நாள், அறுவடை நாள் எல்லாம் ஏறக்குறைய அதேதான். வயலில் தண்ணீர் தேங்கினால் தாங்கும் சக்தி மட்டும் கூடுதல். இது நடு எண் மாறுவது போல. ஆனால் சிஆர் 1009-ஐ விட்டுவிட்டு ஏடிடி 43-க்குப் போனால்? ஒன்று சுமார் 155 நாள் பயிர், இன்னொன்று சுமார் 110 நாள் பயிர். நாற்றங்கால், உரம், தண்ணீர், ஆள் என எல்லாக் கணக்கையும் மாற்ற வேண்டும். இது முதல் எண் மாறுவது போல.

ஒரு வித்தியாசம் உண்டு. ஏடிடி 36, ஏடிடி 43 என்ற எண்களைப் பார்த்தே "இது எத்தனை நாள் பயிர்" என்று சொல்லிவிட முடியாது. அது வெறும் வரிசை எண். செமான்டிக் வெர்ஷனிங் செய்ய முயன்றது இதைத்தான்: எண்ணைப் பார்த்தாலே ஆபத்து எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

சரி, அப்புறம் ஏன் பிரச்சனை வருகிறது? ஏனென்றால் அந்த எண் ஒரு வாக்குறுதி. கம்ப்யூட்டர் அதைச் சோதிப்பதில்லை. எழுதுபவர் தன் மனசுக்குப் பட்டபடி போடுகிறார். "சின்னத் திருத்தம்தான்" என்று நினைத்து கடைசி எண்ணை மட்டும் மாற்றுவார். ஆனால் அவர் சரி செய்த அந்தக் கோளாறையே நம்பி யாரோ ஒருவர் எங்கோ ஒரு புரோகிராம் எழுதியிருப்பார். அவருக்கு அந்தத் திருத்தமே உடைப்பு. ஒரு லைப்ரரியைப் பயன்படுத்துபவர்கள் அதிகமாக அதிகமாக, எந்தச் சின்ன மாற்றமும் யாராவது ஒருவரைப் பாதிக்கும்.

'எனக்கு 1 வேணும், அவருக்கு 2 வேணும்'

புரோகிராமர்கள் 'டிபென்டன்சி ஹெல்', அதாவது டிபென்டன்சி நரகம் என்று சொல்வது இந்த இடத்தைத்தான்.

ஒரு கடைக்கு பில் போடும் ஆப் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி கணக்குக்கு ஒரு லைப்ரரி, பிரின்ட் எடுக்க ஒரு லைப்ரரி. இரண்டுமே தேதியைக் கையாள மூன்றாவதாக ஒரு லைப்ரரியை நம்பியிருக்கின்றன. ஆனால் முதலாவது அதன் வெர்ஷன் 1-ஐக் கேட்கிறது, இரண்டாவது வெர்ஷன் 2-ஐக் கேட்கிறது. எதைப் போடுவது?

ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்கிறது.

பைத்தான்: ஒரு இடத்தில் ஒரு லைப்ரரியின் ஒரே ஒரு வெர்ஷன்தான் இருக்க முடியும். இருவருக்கும் பொருந்தும் வெர்ஷன் கிடைத்தால் சரி, இல்லையென்றால் எரர். 2020 நவம்பருக்கு முன்பு 'பிப்' என்ற அதன் கருவி முரண்பாட்டைச் சரியாகப் பார்க்காமலே ஏதோ ஒன்றைப் போட்டுவிடும். பிறகுதான் கண்டிப்பான முறை வந்தது.

ஜாவாஸ்கிரிப்ட்: "ரெண்டையும் வெச்சுக்கோ" என்கிறது என்பிஎம். சண்டை இல்லை, ஆனால் ஒரே லைப்ரரி பல காப்பியாக வந்து இடத்தையும் டேட்டாவையும் சாப்பிடும்.

கோ: கேட்டவர்கள் எல்லோரையும் திருப்திப்படுத்தும் மிகக் குறைந்த வெர்ஷனை எடுக்கிறது. புதுசு வந்தது என்பதற்காகத் தானாகத் தாவாது. 2012-ல் கோ 1 வந்தபோதே, "இதற்கு எழுதிய புரோகிராம் இனி வரும் 1 வரிசை வெர்ஷன்களிலும் ஓடும்" என்று அந்த மொழியை உருவாக்கியவர்கள் வாக்குக் கொடுத்தார்கள்.

ரஸ்ட்: 2015, 2018, 2021, 2024 என 'எடிஷன்'கள் வருகின்றன. பழைய எடிஷனில் எழுதியதும் புது எடிஷனில் எழுதியதும் ஒரே புரோகிராமில் சேர்ந்து ஓடும்.

இதில் எது சிறந்தது? புது மொழிகளின் முறை நன்றாகத் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய மொழிகள் பட்ட அடியைப் பார்த்த பிறகு அவை வடிவமைக்கப்பட்டன. அந்தப் பழைய அடிகளில் பெரியது பைத்தானுக்குக் கிடைத்தது.

அதிராம்பட்டினம் ரயில் பாதையும் பைத்தானும்

தஞ்சாவூர் மாவட்டம் அதிராம்பட்டினத்தில் இருப்பவர்களுக்கு 'வெர்ஷன் மாற்றம்' என்றால் என்ன என்று விளக்கவே தேவையில்லை. அவர்கள் ஊர் ரயில் பாதையே அதற்கு உதாரணம்.

திருவாரூர் - காரைக்குடி பாதை முன்பு மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர். கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடிய பாதை அது. நாடு முழுக்க 1,676 மில்லிமீட்டர் பிராட் கேஜுக்கு மாறிக்கொண்டிருந்தபோது இந்தப் பாதையையும் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றம் தேவையானது, நல்லது. யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மீட்டர் கேஜ் பெட்டி பிராட் கேஜில் ஓடாது. வேலைக்காக ரயில் நிறுத்தப்பட்டது. பல ஆண்டுகள் அதிராம்பட்டினம் ஸ்டேஷனுக்கு ரயிலே வரவில்லை. சென்னைக்குப் போக வேண்டியவர்கள் பஸ்ஸையும் வேறு ஊர் ஸ்டேஷன்களையும் நம்பியிருந்தார்கள். 2019-ல்தான் இந்தப் பாதை முழுவதும் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது.

பைத்தான் 2-ல் இருந்து பைத்தான் 3-க்கு மாறியதும் இதே மாதிரிதான். 2008 டிசம்பரில் பைத்தான் 3.0 வந்தது. பழைய புரோகிராம் அதில் அப்படியே ஓடாது என்று சொல்லியே வெளியிட்டார்கள். 'பிரின்ட்' கட்டளை எழுதும் விதம் மாறியது. அது பரவாயில்லை, தப்பாக எழுதினால் உடனே எரர் காட்டும். ஆனால் 5-ஐ 2-ஆல் வகுத்தால் பைத்தான் 2 சொல்லும் விடை 2, பைத்தான் 3 சொல்லும் விடை 2.5. இங்கே எரர் வராது. விடை மட்டும் சத்தமில்லாமல் மாறிவிடும். இதுதான் ஆபத்தான வகை.

ரயில்வேயால் ஒரே பாதையில் இரண்டு கேஜையும் ஓட்ட முடியவில்லை. பைத்தான் குழு இரண்டையும் ஓட்டியது. பைத்தான் 2-க்கு ஆதரவு 2015-ல் முடியும் என்றார்கள், பிறகு 2020 ஜனவரி 1 வரை நீட்டித்தார்கள். விளைவு? பதினோரு ஆண்டுகள் லைப்ரரி எழுதுபவர்கள் இரண்டு வெர்ஷனிலும் ஓடும்படி எழுத வேண்டியிருந்தது. "அவங்க மாறட்டும், நான் மாறுறேன்" என்று எல்லோரும் மற்றவருக்காகக் காத்திருந்தார்கள். ரயில் பாதையோ மொழியோ, மாற்றத்தை முடிவு செய்பவர் ஒருவர், அதற்காகக் காத்திருப்பவர் இன்னொருவர் என்பதுதான் இதில் உள்ள உண்மையான வலி.

தமிழுக்கு அந்த மாற்றம் ஏன் தேவைப்பட்டது?

இவ்வளவு கஷ்டம் எதற்கு? பதில் தமிழிலேயே இருக்கிறது.

பைத்தான் 3-ஐ உடைத்து எழுதியதற்கு முக்கியக் காரணம் எழுத்துகளைக் கையாளும் விதம். பைத்தான் 2-ல் 'தமிழ்' என்ற சொல்லைச் சாதாரணமாக எழுதி அதன் நீளத்தைக் கேட்டால் 15 என்று வரும். அது எழுத்தை எண்ணவில்லை, மெமரியில் எத்தனை பைட் என்று எண்ணுகிறது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் அவர்களுக்குப் பிரச்சனையே தெரியவில்லை. பைத்தான் 3-ல் அதே சொல்லின் நீளம் 5. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என யூனிகோடு குறிகளை எண்ணுகிறது.

ஆனால் நமக்குத் தெரியும், 'தமிழ்' மூன்று எழுத்து. த, மி, ழ். இந்தக் கடைசி அடியை மொழி எடுத்து வைக்காததால் அதற்கென்று ஒரு லைப்ரரி தேவைப்பட்டது. முத்து அண்ணாமலை தொடங்கி, தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்த 'ஓப்பன் தமிழ்' அதைச் செய்கிறது. சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துக் கொடுக்கும். டிஸ்கி போன்ற பழைய குறியீட்டில் இருப்பதை யூனிகோடுக்கு மாற்றவும் உதவும். தமிழில் சொல் விளையாட்டோ, அகராதியோ, எழுத்துப்பிழை திருத்தியோ செய்பவருக்கு இது ஒரு டிபென்டன்சி. அதாவது, தமிழை ஒழுங்காக எண்ணுவதற்கே நாம் யாரோ சிலரின் ஓய்வு நேர உழைப்பை நம்பியிருக்கிறோம்.

எழுத்துக்குள்ளேயே ஒரு வெர்ஷன் சிக்கலும் உண்டு. 'ஸ்ரீ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் யூனிகோடில் அது 'ஸ' என்ற எழுத்தை வைத்து உருவானது. 2005-ல் வெளிவந்த யூனிகோடு 4.1-ல் 'ஶ' என்ற தனி எழுத்து சேர்ந்த பிறகு, அதை வைத்தும் அதே ஸ்ரீ வடிவம் வந்தது. பல ஃபான்ட்களில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு. ஒரு பட்டியலில் பெயர் ஒரு விதமாகவும், தேடுபவர் போனில் இன்னொரு விதமாகவும் இருந்தால், கண் முன்னால் இருக்கும் பெயரே தேடலில் சிக்காது. தேடலுக்கு முன்பு இரண்டையும் ஒன்றாக்கிக் கொள்ளும்படி புரோகிராம் எழுதியிருந்தால்தான் தப்பிக்கலாம்.

அதே நேரம் யூனிகோடிடம் பாராட்ட வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒருமுறை சேர்த்த எழுத்தை நீக்க மாட்டோம், வேறு இடத்துக்கு மாற்ற மாட்டோம் என்ற விதியை அது கடைப்பிடிக்கிறது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை அதிகாரப்பூர்வ குறியீடாக ஏற்றதும், ஒவ்வொரு ஃபான்டையும் நம்பி இருந்த காலம் படிப்படியாக முடிவுக்கு வந்ததும் இந்த உறுதியால் சாத்தியமானது. அடித்தளம் அசையாது என்றால்தான் மேலே துணிந்து கட்ட முடியும்.

அப்டேட் செய்தாலும் ஆபத்து, செய்யாவிட்டாலும் ஆபத்து

"அப்போ ஓடுறதைத் தொடாம விட்டுடலாமே?" என்று கேட்கலாம். அதுவும் சரிப்படாது.

2021 டிசம்பரில் 'லாக்4ஜே' என்ற ஜாவா லைப்ரரியில் மிக ஆபத்தான ஓட்டை இருப்பது வெளியே தெரிந்தது. ஆபத்தின் அளவு 10-க்கு 10. ஒரு குறிப்பிட்ட வரியை அனுப்பினாலே தாக்குபவர் சர்வரைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முடியும். இந்தியாவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உட்பட உலகம் முழுக்க எச்சரிக்கை விடப்பட்டது. 2.15.0-க்கு மாறச் சொன்னார்கள். அதில் குறை இருக்கிறது என்று 2.16.0. பிறகு 2.17.0. பிறகு 2.17.1. ஒரே மாதத்துக்குள் நான்கு வெர்ஷன்கள். பல நிறுவனங்களுக்கு அதைவிடப் பெரிய பிரச்சனை, தங்கள் சாஃப்ட்வேரில் லாக்4ஜே இருக்கிறதா என்பதே தெரியாமல் இருந்தது. அது நேரடியாகச் சேர்த்ததல்ல, சங்கிலியில் எங்கோ ஒளிந்திருந்தது.

அடுத்த மாதமே எதிர்ப்பக்க அனுபவம். 2022 ஜனவரியில் 'கலர்ஸ்' என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை எழுதியவரே, பெரிய நிறுவனங்கள் தன் உழைப்பைக் காசு கொடுக்காமல் பயன்படுத்துவதாகக் கோபப்பட்டு, முடிவில்லாமல் குப்பை எழுத்துகளைக் கொட்டும் வெர்ஷனை வெளியிட்டார். "புதுசு வந்தால் தானாக எடுத்துக்கொள்" என்று செட்டிங் வைத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அப்டேட் செய்யாதவர்கள் தப்பித்தார்கள்.

2024 மார்ச்சில் நடந்தது இன்னும் மோசம். லினக்ஸ் சிஸ்டங்களில் பரவலாக இருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் யாரோ ரகசியக் கதவு வைத்திருந்தார்கள். தனியாளாக அதைப் பராமரித்து வந்தவருக்கு உதவுவதாக வந்து, இரண்டு ஆண்டுக்கும் மேல் நம்பிக்கை சம்பாதித்த ஒருவரின் வேலை அது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற இன்ஜினியர், லாகின் ஆக வழக்கத்தைவிட அரை வினாடி தாமதம் ஆவதைக் கவனித்து ஆராய்ந்ததால் பெரிய சேதம் தவிர்க்கப்பட்டது.

இதற்கு யார் பொறுப்பு?

மூன்று சம்பவத்திலும் பொதுவான ஒன்று இருக்கிறது. கோடிக்கணக்கானவர்கள் நம்பியிருக்கும் பொருளை ஓரிருவர், பெரும்பாலும் சம்பளம் இல்லாமல், பார்த்துக்கொள்கிறார்கள். வெர்ஷன் எண் ஒரு வாக்குறுதி என்றோம். அதைக் காப்பாற்ற நேரமும் பணமும் வேண்டும். அதை யார் தருவது?

கொஞ்சம் மாற்றம் தெரிகிறது. 2024 அக்டோபரில் இந்தியப் பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா, இப்படிப்பட்ட இலவச சாஃப்ட்வேர்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தரும் 'ஃபிளாஸ் ஃபண்ட்' நிதியைத் தொடங்கியது. அதே மாதம் செர்ட்-இன், ஒவ்வொரு சாஃப்ட்வேரிலும் என்னென்ன லைப்ரரி, எந்த வெர்ஷன் இருக்கிறது என்ற பட்டியலைத் தயாரிப்பதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. மருந்து அட்டையிலும் பிஸ்கட் பாக்கெட்டிலும் என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதியிருப்பது போலத்தான். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியும் தன் கீழ் வரும் நிறுவனங்களுக்கான சைபர் பாதுகாப்பு விதிகளில் இந்தப் பட்டியலைக் கேட்கிறது. அடுத்த லாக்4ஜே வரும்போது "நம்மகிட்ட இருக்கா?" என்று வாரக்கணக்கில் தேடாமல் பட்டியலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மாணவர்கள், சிறு நிறுவனங்கள் என்ன செய்யலாம்?

1. லாக் ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன் என்று துல்லியமாக எழுதி வைக்கும் ஃபைல் அது. புராஜெக்டுடன் சேர்த்தே கொடுங்கள். பைத்தானில் இதற்குப் பல கருவிகள் பல வடிவம் வைத்திருந்தன. 2025 மார்ச்சில்தான் ஒரு பொது வடிவம் ஏற்கப்பட்டது.

2. ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனி அறை. பைத்தானில் 'விர்ச்சுவல் என்விரான்மென்ட்' உருவாக்கி அதற்குள் மட்டும் லைப்ரரிகளைப் போடுங்கள். உபுண்டு, டெபியன் புது வெர்ஷன்களில் நேரடியாகப் போட முயன்றால் "வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது" என்று எரர் வருவதும் இதற்காகத்தான். அதை வலுக்கட்டாயமாக மீற வேண்டாம்.

3. வீடியோவின் தேதியைப் பாருங்கள். பழைய யூடியூப் பாடத்தைப் பார்த்து அப்படியே டைப் செய்தால் ஓடாமல் போகலாம். டென்சர்ஃப்ளோ 2 வந்த 2019 செப்டம்பருக்கு முந்தைய பாடங்கள், 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12 நீக்கிய 'டிஸ்ட்யூட்டில்ஸ்' பகுதியை நம்பிய பழைய பேக்கேஜ்கள் இதற்கு நல்ல உதாரணம். தப்பு உங்கள் மேல் இல்லை, வெர்ஷன் மேல்.

4. சின்ன வேலைக்கு லைப்ரரி வேண்டாம். 11 வரியை நீங்களே எழுதலாம். சேர்ப்பதற்கு முன்பு கடைசியாக எப்போது அப்டேட் ஆனது, எத்தனை பேர் பராமரிக்கிறார்கள் என்று பாருங்கள்.

5. மொத்தமாக அல்ல, அவ்வப்போது அப்டேட் செய்யுங்கள். மூன்று ஆண்டு சேர்த்து வைத்து ஒரே நாளில் மாற்றினால் எது உடைத்தது என்றே தெரியாது. மாதம் ஒருமுறை, ஒவ்வொன்றாக மாற்றி, சோதித்துப் பாருங்கள். பாதுகாப்புத் திருத்தம் என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

6. ஆஃப்லைன் காப்பி வையுங்கள். வைவா அன்று நெட் இல்லாமல் போனாலும், பேக்கேஜ் நீக்கப்பட்டாலும் ஓடும்படி தேவையானவற்றை டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன் மட்டும் பயன்படுத்துகிறேன், நான் என்ன செய்ய?

வங்கி, யுபிஐ ஆப்களில் அப்டேட் வந்தால் தள்ளிப் போடாதீர்கள். நீங்கள் பார்க்கும் பக்கத்தில் எந்த மாற்றமும் தெரியாவிட்டாலும், உள்ளே ஓட்டையுள்ள ஒரு லைப்ரரி மாற்றப்பட்டிருக்கலாம். பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் வழியாக மட்டும் அப்டேட் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கை நம்பி எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

உங்கள் போன் பழையது என்பதால் ஒரு ஆப் "இந்த வெர்ஷனில் இயங்காது" என்று சொன்னால், அதுவும் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிதான். அந்த ஆப் நம்பியிருக்கும் ஏதோ ஒன்று பழைய ஆண்ட்ராய்டுக்கான ஆதரவை நிறுத்தியிருக்கும். புது போன் வாங்க முடியாதவர் ரேஷன், ஓய்வூதியம், வங்கிச் சேவைக்கு வெளியே தள்ளப்படக்கூடாது. எந்தப் பழைய வெர்ஷன் வரை ஆதரவு தருவது என்பதை முடிவு செய்யும்போது, அரசுத் துறைகளும் வங்கிகளும் அந்தக் கடைசி ஆளையும் கணக்கில் எடுக்க வேண்டும்.